கார்கில் 1999: தாண்டாத கோடும் பிளேர் ஹவுஸ் மதியமும்

1999 ஜூலை 4 அன்று காலை, காஷ்மீரின் திராஸ் பகுதியில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவிப் பிடித்திருந்த டைகர் ஹில் உச்சியை இந்திய வீரர்கள் எட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அதே தேதியில், சில மணி நேரம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில் வாஷிங்டனில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனைச் சந்தித்தார். இடம், வெள்ளை மாளிகைக்கு எதிரே வெளிநாட்டுத் தலைவர்களைத் தங்கவைக்கும் பிளேர் ஹவுஸ். அன்று அமெரிக்காவின் சுதந்திர நாள், அரசு விடுமுறை. அப்படிப்பட்ட நாளில் எங்கோ இருக்கும் இரண்டு அண்டை நாடுகளின் சண்டைக்காக அதிபர் வந்து உட்கார்ந்தார் என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்த ஒரே நாளை இரண்டு நாடுகளும் இரண்டு விதமாகச் சொல்லிவருகின்றன. நம் பக்கத்தில், மலைமேல் ஏறிச் சண்டை போட்டு ஜெயித்தோம், அமெரிக்காவுக்கு அதில் வேலையே இல்லை என்பார்கள். அந்தப் பக்கத்தில், ராணுவம் மலையில் ஜெயித்துக்கொண்டிருந்தது, அரசியல்வாதி வாஷிங்டன் போய் அதைத் தாரைவார்த்துவிட்டார் என்பார்கள். அன்றைய பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி முஷாரஃப் தன் சுயசரிதை வரை இந்த இரண்டாவது வாதத்தை விடவே இல்லை. இரண்டையும் பல வருடங்களாகப் படித்துக் கேட்டு, எனக்கு வந்து சேர்ந்த முடிவு வேறு. வல்லரசு அன்று கார்கிலில் எதையும் தீர்மானிக்கவில்லை. மலையில் ஏற்கெனவே தீர்மானமாகிக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து ஷெரீஃப் வெளியே வர ஒரு வாசல் திறந்துகொடுத்தது, அவ்வளவுதான். அந்த வாசலை இந்தியாவுக்குச் சாதகமான பக்கத்தில் திறக்கவைத்தது, இரு நாட்டுப் படைகளையும் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று டெல்லி மே மாதமே எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் சிப்பாய்கள்.

அதனால் கோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோடு

1947-48 போர் நின்றபின், 1949 ஜூலையில் கராச்சி ஒப்பந்தத்தில் போர்நிறுத்தக் கோடு ஒன்று வரைந்தார்கள். 1971 போருக்குப் பின், 1972 ஜூலையில் சிம்லாவில் இந்திரா காந்தியும் சுல்பிகர் அலி பூட்டோவும் கையெழுத்திட்டபோது அது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு என்று பெயர் மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை, பொருளும் மாறியது. இருதரப்பும் தங்கள் வாதங்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தக் கோட்டை ஒருதலைப்பட்சமாக மாற்ற முயலக்கூடாது, பிரச்சினைகளை இருதரப்புப் பேச்சிலேயே தீர்க்கவேண்டும் என்று சிம்லா சொன்னது. டெல்லியைப் பொறுத்தவரை, காஷ்மீரில் மூன்றாம் தரப்புக்கு இடமில்லை என்ற நிலைப்பாட்டின் ஆணிவேர் இந்த ஒப்பந்தம்தான்.

சுமார் 740 கி.மீ நீளக் கோடு இது. ஆனால் வடக்கே என்ஜே 9842 என்று வரைபடத்தில் குறித்த புள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பனிமலைதான், யார் போய் உட்காரப்போகிறார்கள் என்று அன்று விட்டுவிட்டார்கள். 1984 ஏப்ரலில் இந்தியா சியாச்சின் பனிமுகடுகளில் போய் உட்கார்ந்தது. பாகிஸ்தான் ராணுவத்தின் மனதில் அந்தக் காயம் ஆறவே இல்லை. கார்கில் திட்டத்துக்கான விதைகளில் அதுவும் ஒன்று.

வல்லரசு என்றால் ஏன் கசந்தது

இந்தியா மூன்றாம் தரப்பைக் கண்டால் பின்வாங்குவதை வெறும் பிடிவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1954-ல் அமெரிக்கா பாகிஸ்தானோடு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டது. அப்படிப் போன பேட்டன் டாங்கிகள்தான் 1965-ல் பஞ்சாபில் நமக்கு எதிரே வந்தன. அந்தப் போரை முடித்துவைத்தது சோவியத் யூனியன். 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிஜின் முன்னிலையில் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அன்று இரவே சாஸ்திரி இறந்துபோனார். மத்தியஸ்தம் என்ற சொல்லோடு இந்திய மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் படம் அதுதான்.

1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அமெரிக்க அதிபர் நிக்சன் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். அந்த ஆகஸ்டில் சோவியத்தோடு போட்டிருந்த நட்புறவு ஒப்பந்தம் அப்போது இந்தியாவுக்கு முதுகெலும்பாக இருந்தது. ஆக, இரண்டு வல்லரசுகள் இருந்த காலத்தில் ஒன்று நம் பக்கம் என்றால் மற்றது எதிர்ப்பக்கம். 1991-க்குப் பின் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நம் பக்கம் நின்ற பழக்கம் அதற்கு இல்லை.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதித்தது, 11-ம் தேதியும் 13-ம் தேதியும். அதே மாதம் 28-லும் 30-லும் பாகிஸ்தான் பலூசிஸ்தானில் பதில் சொன்னது. இரண்டு நாடுகள் மீதும் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. அந்தக் கசப்புக்கு நடுவில்தான் பிற்பாடு இந்திய வெளியுறவு அமைச்சரான ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்கத் துணை வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரோப் டால்பட்டும் ஜூன் 1998-ல் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு பல நாடுகளில், பல சுற்றுகளாக நீண்டது. அணு ஆயுத விஷயத்தில் பெரிய உடன்பாடு எதுவும் அதில் வரவில்லை. ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பலாம் என்ற அளவுக்கு இரண்டு பேரும் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் ஒரு வருடத்தில் பெரிய உதவியாக வரப்போகிறது என்று அப்போது இருவருக்குமே தெரிந்திருக்காது.

பேருந்தும் பனியும்

1999 பிப்ரவரி 20. வாஜ்பாய் பேருந்தில் வாகா எல்லையைத் தாண்டி லாகூர் போனார். மறுநாள் மினாரே பாகிஸ்தானுக்குச் சென்றார். பாகிஸ்தான் வேண்டும் என்று 1940-ல் தீர்மானம் போட்ட இடம் அது. ஒரு பாரதிய ஜனதா பிரதமர் அங்கே போய் நின்றது சாதாரண விஷயம் இல்லை. லாகூர் பிரகடனம் கையெழுத்தானது. அணு ஆயுதங்கள் தவறுதலாகப் பயன்படாமல் இருக்க இருவரும் நடவடிக்கை எடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

அதே குளிர்காலத்தில் கோட்டின் இந்தப் பக்கம் பாகிஸ்தான் சிப்பாய்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடும் குளிரில் இருதரப்பும் உயர்ந்த காவல் நிலைகளை விட்டு இறங்கி, வசந்தத்தில் திரும்ப ஏறுவது பல வருட வழக்கம். அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். திட்டத்தின் பின்னால் இருந்தவர்கள் ராணுவத் தலைமைத் தளபதி முஷாரஃபும் அவருக்கு நெருக்கமான மிகச் சில தளபதிகளும்தான். விமானப்படைக்கும் கடற்படைக்கும் கூட முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. ஷெரீஃபுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இன்றும் சண்டை. எல்லாம் தெரியும் என்றார் முஷாரஃப். தன்னை இருட்டில் வைத்தார்கள் என்றார் ஷெரீஃப். என் ஊகம், அவருக்கு ஏதோ ஒன்று நடக்கிறது என்று தெரிந்திருக்கும், அதன் அளவும் அர்த்தமும் தெரிந்திருக்காது.

பாகிஸ்தான் ராணுவத்தின் கணக்கு இதுதான். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் தேசிய நெடுஞ்சாலை, திராஸ், கார்கில் வழியாக மலைகளின் காலடியில் ஓடுகிறது. மேலே உட்கார்ந்தால் கீழே போகும் ஒவ்வொரு லாரியும் கண்ணுக்குத் தெரியும், பீரங்கிக்கும் எட்டும். அந்தச் சாலையை அடைத்தால் லடாக்கும் சியாச்சினும் மூச்சுத் திணறும். இந்தியா தடுமாறும், உலகம் பதறி ஓடிவரும், காஷ்மீர் மறுபடியும் சர்வதேச மேசைக்கு வரும். இருவரிடமும் அணுகுண்டு இருப்பதால் இந்தியா பெரிய போருக்குத் துணியாது. உலகம் உடனே போரை நிறுத்தச் சொல்லும், பிடித்த இடம் பிடித்தவரிடமே தங்கிவிடும். வல்லரசு தலையிடும் என்பது இந்தத் திட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. அது சரியாகவும் போனது, தலையிட்டது. ஆனால் அவர்கள் நினைத்த திசையில் தலையிடவில்லை. கார்கிலில் ஆராய வேண்டிய கேள்வியே இதுதான்.

மே மாத முதல் வாரத்தில் பட்டாலிக் பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் மேலே ஆட்கள் நடமாடுவதைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பெரிய ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் தெரியாதது மேய்ப்பர்களின் கண்ணில் பட்டது. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் பிற்பாடு அமைந்த ஆய்வுக் குழு, இந்த ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழுக்க முழுக்க எதிர்பாராத அதிர்ச்சி என்று ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தது. தோல்வியைத் தோல்வி என்று எழுதி, அந்த அறிக்கையை நாடாளுமன்றத்திலும் வைத்தது இந்த விவகாரத்தில் நான் மதிக்கும் விஷயங்களில் ஒன்று. பாகிஸ்தானில் கடைசிவரை அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை.

டெல்லியில் அப்போது முழு அரசுகூட இல்லை. ஏப்ரல் 17 அன்று, அதிமுக ஆதரவை விலக்கியபின், வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்திருந்தது. தேர்தல் வரும்வரை காபந்து அரசு. தேர்தலை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிரதமர், லாகூரில் கைகுலுக்கியவரின் நாடு முதுகில் குத்திவிட்டது என்ற கோபத்தோடு ஊரே கொதிக்கும்போது, அடக்கமான முடிவு எடுப்பது எளிதா?

தாண்டாதே

மே மாதக் கடைசி வாரத்தில் அந்த முடிவு வந்தது. விமானப்படையைப் பயன்படுத்தலாம், ஆனால் தரைப்படையோ விமானமோ எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது. மே 26 அன்று விமானத் தாக்குதல் ஆரம்பித்தது. மறுநாளே ஒரு மிக்-27, ஒரு மிக்-21 என்று இரண்டு போர் விமானங்களை இழந்தோம். முதலாவதின் விமானி நச்சிகேதா பிடிபட்டார், இரண்டாவதில் இருந்த அஜய் ஆஹுஜா உயிரிழந்தார். மே 28 அன்று எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் அனைவரும் போனார்கள். மூன்று நாளில் இவ்வளவு. அப்போதும் உத்தரவு மாறவில்லை.

மலைப்போர் தெரிந்தவர்கள் இந்த உத்தரவின் பாரத்தை உடனே புரிந்துகொள்வார்கள். உச்சியில் இருக்கும் எதிரியை வீழ்த்த எளிய வழி, பின்னால் சுற்றிப்போய் அவனுக்கு வரும் சாப்பாட்டையும் தோட்டாவையும் நிறுத்துவது. கார்கிலில் அந்தப் பின்பக்கம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்படியென்றால் மிச்சமிருக்கும் வழி நேராக, கீழிருந்து மேலே, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத சரிவில், காற்றில் பிராணவாயு குறைந்த உயரத்தில், இரவில் ஏறுவது. தோலோலிங் ஒரு மலைக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. முதல் முயற்சிகளில் கிரெனேடியர்ஸ் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். ஜூன் 13 அன்று ராஜ்புதானா ரைஃபிள்ஸ் அதைப் பிடித்தது. போஃபர்ஸ் பீரங்கிகள் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது.

பட்டாலிக்கில் மே 29 அன்று பீகார் ரெஜிமென்ட்டின் மேஜர் மாரியப்பன் சரவணன் தன் ஆட்களோடு மேலே ஏறும்போது உயிரிழந்தார். திருச்சிக்காரர். எதிரியின் தோட்டா எல்லைக்குள்ளேயே கிடந்த உடலை எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா விருது அவருடைய மறைவுக்குப் பின் வந்தது. கோட்டைத் தாண்டாத கொள்கையை ராஜதந்திர வெற்றி என்று நாம் எழுதும்போதெல்லாம், அந்த ஒரு மாதத்தை அவருடைய வீட்டில் எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதும் என் மனதுக்கு வருகிறது. இந்தியத் தரப்பில் 527 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. 1,300-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

அந்தக் கொள்கை தவறு என்கிறேனா? இல்லை. வேறு வழியில் போயிருந்தால் இழப்பு இன்னும் எத்தனை மடங்கு ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அது இலவசமாகக் கிடைத்தது போலப் பேசுவது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

வாஷிங்டன் திரும்பிய விதம்

ஆரம்பத்தில் பாகிஸ்தான் சொன்ன கதை, மேலே இருப்பவர்கள் காஷ்மீர் முஜாகிதீன்கள், எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் என்பது. உண்மையில் பெரும்பாலானவர்கள் கில்கித், பல்திஸ்தான் பகுதியில் ஆள் எடுக்கும் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படையினர். மே மாத முடிவிலேயே அமெரிக்க அதிகாரிகளுக்கு இது தெளிவாகிவிட்டது. கோட்டைத் தாண்டியது பாகிஸ்தான், திரும்பிப்போக வேண்டியதும் பாகிஸ்தான் என்று முதலில் தனிப்பட்ட முறையிலும் அப்புறம் வெளிப்படையாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜூன் 11 அன்று இந்தியா ஒரு ஒலிநாடாவை வெளியிட்டது. மே கடைசியில் பெய்ஜிங்கில் இருந்த முஷாரஃப், ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸுடன் தொலைபேசியில் பேசியது அதில் இருந்தது. மேலே இருப்பவர்களின் குடுமி நம் கையில் என்ற தொனியில் போகும் பேச்சு. முஜாகிதீன் கதை அன்றோடு முடிந்தது. மறுநாள் டெல்லி வந்த பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சர்தாஜ் அஜீஸ் வெறுங்கையோடு திரும்பினார்.

ஜூன் நடுவில் கிளிண்டன் இரண்டு பிரதமர்களோடும் தொலைபேசியில் பேசினார். ஷெரீஃபிடம் சொன்னது, படையை விலக்குங்கள். வாஜ்பாயிடம் சொன்னது, நிதானமாக இருங்கள். அந்த வாரமே ஜெர்மனியின் கொலோன் நகரில் கூடிய ஜி-8 நாடுகள், நிலவும் நிலையை ராணுவத்தால் மாற்ற நினைப்பது பொறுப்பற்றது என்று அறிவித்தன. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவின் மத்தியக் கட்டளைத் தலைவர் ஜெனரல் ஆண்டனி ஜின்னி இஸ்லாமாபாத் போய் ஷெரீஃபையும் முஷாரஃபையும் பார்த்தார். சிப்பாய் சிப்பாயிடம் சொன்னால் ஏறும் என்று நினைத்திருக்கலாம். ஜூன் கடைசியில் ஷெரீஃப் பெய்ஜிங் போனார். நண்பன் என்று நம்பிய சீனாவும் பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்பதற்கு மேல் எதுவும் தரவில்லை. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்.

அமெரிக்கா ஏன் இந்த முறை இந்தியா பக்கம் சாய்ந்தது? நம் மேல் திடீரென்று வந்த பாசம் என்று சொல்லமாட்டேன். ஆப்கானிஸ்தானில் சோவியத்தை எதிர்க்கப் பாகிஸ்தான் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. ஒசாமா பின்லாடனைப் பிடிப்பதில் இஸ்லாமாபாத் ஒத்துழைக்கவில்லை என்ற எரிச்சல் வேறு. எல்லாவற்றுக்கும் மேல் அணுகுண்டு பயம். அணு ஆயுதம் உள்ள இரண்டு நாடுகள் நேருக்கு நேர் மோதியது 1969-ல் சோவியத்தும் சீனாவும் உசூரி ஆற்றோரம் மோதியபின் இதுதான் முதல் முறை. ஒரு நாடு குண்டைக் காட்டிக்கொண்டே எல்லையை நகர்த்திவிட்டு, உலகம் அதை ஏற்றுக்கொண்டால், நாளைக்கு எல்லோரும் அதைச் செய்வார்கள். அந்தப் பயமே வாஷிங்டனின் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தப் பயம் இருபுறமும் சாய்ந்திருக்கக்கூடியது. உடனே இரண்டு பேரும் துப்பாக்கியைக் கீழே போடுங்கள், இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பாகிஸ்தான் எதிர்பார்த்தது அதைத்தான். அப்படிச் சொல்லமுடியாமல் போனதற்குக் காரணம், இந்தியா கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. ஜூனில் ஒரு இந்தியப் படைப்பிரிவு அந்தப் பக்கம் போயிருந்தால், கோட்டைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் ஆகியிருப்பார்கள். ஒருவரை மட்டும் திரும்பிப் போகச் சொல்லும் தெளிவு போயிருக்கும். அமெரிக்காவுக்கு இரண்டு பக்கமும் எடைபோடும் சிரமமே இல்லாமல், ஒரே ஒரு கோரிக்கையை வைக்கும்படி டெல்லி நிலைமையை எளிமையாக வைத்திருந்தது.

கூடவே சொல்லவேண்டியது, டெல்லி சும்மா காத்திருக்கவில்லை. இரண்டு கடற்படைப் பிரிவுகளும் அரபிக் கடலில் கூடின. எல்லை முழுக்கப் படைகள் தயார் நிலைக்கு வந்தன. நாங்கள் எப்போதும் இப்படியே நிற்போம் என்று வாக்குக் கொடுக்கவில்லை என்பதும் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. நிதானத்துக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருந்தால் கிளிண்டன் விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

பிளேர் ஹவுஸ்

ஷெரீஃப் தானாகவே வருகிறேன் என்றார். விலகத் தயாராக இருந்தால் மட்டும் வாருங்கள் என்று கிளிண்டன் எச்சரித்தபின்னும் புறப்பட்டார். மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். திரும்பிப்போக முடியுமா என்ற சந்தேகத்தோடு வருகிறாரோ என்று அமெரிக்க அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். விமான நிலையத்தில் அவரை எதிர்கொண்டு பேசியவர் சவூதி அரேபியாவின் தூதர் இளவரசர் பந்தர். கிளிண்டன் வாஜ்பாயையும் அழைத்தார், அவர் வர மறுத்தார். அந்த மறுப்பு மிகச் சரியானது. வந்திருந்தால் அது முத்தரப்புப் பேச்சு ஆகியிருக்கும், சிம்லாவின் சாரம் அங்கேயே போயிருக்கும்.

உள்ளே நடந்ததை நமக்குச் சொல்பவர், குறிப்பெடுக்க உடன் இருந்த வெள்ளை மாளிகை அதிகாரி புரூஸ் ரீடல். சில வருடம் கழித்து விரிவாக எழுதினார். டால்பட்டும் எழுதினார். இரண்டுமே அமெரிக்கத் தரப்புச் சாட்சியம், அதை மனதில் வைத்தே படிக்கவேண்டும். கிளிண்டன் கையில் இரண்டு அறிக்கை வரைவுகள் இருந்தன என்கிறார் ரீடல். ஒன்று, ஷெரீஃப் ஒப்புக்கொண்டால் வெளியிடுவது. மற்றது, ஒப்புக்கொள்ளாவிட்டால் முழுப் பழியையும் பாகிஸ்தான்மேல் போடுவது. ஷெரீஃப் காஷ்மீருக்கு ஒரு காலவரையறை, ஒரு அமெரிக்க வாக்குறுதி, ஏதாவது ஒன்று கேட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஏதாவது வேண்டும். கிளிண்டன் அசையவில்லை. உங்கள் ராணுவம் அணு ஏவுகணைகளைத் தயார்படுத்துவது உங்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டபோது ஷெரீஃப் திகைத்துப்போனார் என்பது ரீடல் எழுதியதில் பரபரப்பாகப் பேசப்பட்ட பகுதி. அந்தக் காலத்தில் ஏவும் நிலையிலேயே தங்கள் ஆயுதங்கள் இல்லை என்று முஷாரஃப் பிற்பாடு மறுத்தார். இதில் எது உண்மையாக இருந்தாலும், அந்த அறையில் கிளிண்டன் அதை நம்பித்தான் பேசினார். முடிவை நகர்த்த அது போதும்.

இடையில் கிளிண்டன் டெல்லிக்குத் தொலைபேசியில் பேசி நடப்பதைத் தெரிவித்தார். இந்த ஒரு செயல்தான் அன்றைய தலையீட்டைப் பழைய தலையீடுகளிலிருந்து பிரிக்கிறது என்று நினைக்கிறேன். அறையில் இல்லாத தரப்புக்குத் தன்னை முதுகுக்குப் பின்னால் விற்கிறார்கள் என்ற சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

வெளிவந்த கூட்டறிக்கை சிறியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை சிம்லா ஒப்பந்தப்படி இருதரப்பும் மதிக்கவேண்டும், அதை மீட்க உறுதியான நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. லாகூரில் ஆரம்பித்த இருதரப்புப் பேச்சே சிறந்த வழி என்றது. கோடு மீட்கப்பட்டபின், அந்தப் பேச்சு விரைவாகத் தொடங்க ஊக்குவிப்பதில் அதிபர் தனிப்பட்ட அக்கறை காட்டுவார் என்றது. ஷெரீஃப் ஊருக்குக் கொண்டுபோனது அந்தத் ‘தனிப்பட்ட அக்கறை’ என்ற இரண்டு சொல்தான். அதற்கும் முன்னால் இருதரப்பு என்ற சொல் காவல் நின்றது. ஒவ்வொரு சொல்லையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இறங்கியவர்கள்

ஜூலை 11 அன்று இரு நாடுகளின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் அட்டாரியில் சந்தித்து விலகும் முறையைப் பேசினார்கள். எல்லோரும் உடனே இறங்கவில்லை, சில இடங்களில் சண்டை நீடித்தது. ஜூலை 26 அன்று முழுப் பகுதியும் விடுபட்டதாக இந்தியா அறிவித்தது.

சரி, வாஷிங்டன் இல்லாமல் இது முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஜூலை 4-க்கு முன்பே பாகிஸ்தான் கையைவிட்டுத் தோலோலிங் போயிற்று, பாயிண்ட் 5140 போயிற்று, டைகர் ஹில்லும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இன்னும் எத்தனை உச்சி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை உயிர், எந்த வாரத்தில் டெல்லியின் பொறுமை உடையும் என்பதெல்லாம் கேள்விகள். அந்த வாரங்களை மிச்சப்படுத்தியதுதான் பிளேர் ஹவுஸின் பங்கு. இரண்டு பக்கமும் பிழைத்த இளைஞர்களின் எண்ணிக்கையில் அதை அளக்கவேண்டும்.

எல்லா வல்லரசுத் தலையீடும் இப்படி அமைவதில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் பத்து மாதம் எல்லையில் படைகள் முறைத்து நின்றபோது, அமெரிக்கா ஓடி ஓடி இரு பக்கமும் பேசி, வாக்குறுதிகள் வாங்கிக்கொடுத்தது. அவை பெரிதாக நிலைக்கவில்லை. மீட்க வேண்டியது வரைபடத்தில் இருக்கும் ஒரு கோடு அல்ல, பயங்கரவாதத்தை நிறுத்துவது என்ற அளக்கமுடியாத ஒன்று. 2025 மே மாதம் நான்கு நாள் மோதலுக்குப் பின் போர்நிறுத்தத்தை முதலில் அறிவித்தவர் அதிபர் டிரம்ப்தான். அது இரு ராணுவங்களும் நேரடியாகப் பேசி எடுத்த முடிவு என்று டெல்லி மறுத்தது, இஸ்லாமாபாத் அமெரிக்காவுக்கு நன்றி சொன்னது. 1999-ல் கிளிண்டன் யார் செய்தது என்று உரிமை கொண்டாடாமல் அறிக்கையில் சிம்லாவை எழுதினார். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஷெரீஃபுக்கு என்ன ஆனது என்பது தெரிந்த கதை. அக்டோபர் 12 அன்று முஷாரஃபை அவர் பதவிநீக்க முயல, ராணுவம் அவரையே நீக்கியது. மறுவருடம் டிசம்பரில் குடும்பத்தோடு சவூதிக்கு நாடுகடத்தினார்கள். கிளிண்டன் 2000 மார்ச்சில் இந்தியாவில் ஐந்து நாள் இருந்தார். பாகிஸ்தானில் சில மணி நேரம் மட்டும் இறங்கி, ரத்தத்தால் எல்லைகளைத் திருத்தும் காலம் இது இல்லை என்று அந்நாட்டு மக்களிடம் தொலைக்காட்சியில் பேசினார்.

நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்களைப் பற்றி அந்தப் பக்கத்திலும் அதிகம் பேசமாட்டார்கள். அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று போர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால், பல உடல்களை வாங்கிக்கொள்ளவே பாகிஸ்தான் மறுத்தது. அவர்களை இந்திய ராணுவமே இஸ்லாமிய முறைப்படி மலையில் அடக்கம் செய்தது. டைகர் ஹில்லில் விழுந்த கேப்டன் கர்னல் ஷேர் கானின் (கர்னல் என்பது அவர் பெயரின் பகுதி, பதவி அல்ல) உடலை, அவர் எவ்வளவு துணிச்சலாகச் சண்டையிட்டார் என்பதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பாகிஸ்தான் அவருக்குத் தன் உயரிய விருதான நிஷானே ஹைதரை வழங்கியது. அந்தப் போரில் இறந்த 453 பேரின் பெயர்களை அந்நாட்டு ராணுவம் தன் இணையதளத்தில் வெளியிட்டது 2010-ல்தான்.